பெக்கான் நானாஸில் கிள்ளிய இலை

மலேசியாவின் ஜொகூரில் நிலவேம்பை ஆய்வு செய்த இரண்டு வருடமும் வாடகை அறையில் தனியாக இருந்தேன். சில நாட்களில், கடையில் சோற்றுப் பொட்டலம் கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடும்.

வீடுகளில் வளரும் நிலவேம்பு எல்லாம் ஒரே வகையா, வேறு வேறா என்பதுதான் என் கேள்வி. பத்து பாகாட், கெலாங் பாத்தா என்று ஊர் ஊராக பஸ் ஏறிப் போய் இலை கிள்ளி வந்தேன். மரபணுவைப் பிரித்து, அதில் சில இடங்களை மட்டும் அடையாளமாக வைத்து ஒப்பிட வேண்டும். ஜெல் என்னும் கூழ்த்தகட்டில் ஓடவிட்டால் அவை கோடுகளாகத் தெரியும். மாதக்கணக்காக எல்லாச் செடிக்கும் அதே கோடுகள்தான்.

ஒரே ஓர் இலையில் இரண்டு கோடுகள் தள்ளி நின்றன. பெக்கான் நானாஸில், கணவரை இழந்து தனியாக இருந்த ஒரு பெண்மணியின் வீட்டு இலை அது; அவரை ஆண்டி என்று கூப்பிடுவேன். ஜெல்லின் படத்தைக் காட்ட ஆய்வுக்கூடத்தில் ஆள் இல்லை. மேற்பார்வையாளருக்கு அனுப்பினேன். "வேற எதுவும் கலந்திருக்கலாம். புது இலை எடுத்து மறுபடி செய்யுங்க" என்று பதில் வந்தது.

சனிக்கிழமை போனேன். செடி நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை.

"மகன்தான், தான் வந்தா கார் நிறுத்த இடம் வேணும்னு போட்டுட்டான்மா" என்றார் ஆண்டி.

"விதை ஏதாச்சும் வச்சிருக்கீங்களா ஆண்டி?"

"இலைய அவிச்சுக் குடிக்கிறதுக்கு விதை எதுக்குலா? அவரு எஸ்டேட் வீட்ல இருந்து கொண்டாந்து வச்சது. தானா மொளைக்கும்."

அந்தச் செடி மற்றவற்றிலிருந்து வேறுபட்டது என்று சொன்னேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். கால்வாய் ஓரம், வேலிக்குப் பின்னால் என்று மதியம்வரை இருவரும் குனிந்து தேடினோம். ஒரு நாற்றுக்கூட இல்லை.

"சாப்பிட்டுப் போ" என்றார். மீன் குழம்பு. யாரோடாவது உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் உறைத்தது. மகன் எப்போது வருவார் என்று கேட்டேன். "தீபாவளிக்கு வரலாம்" என்றார்.

ஆய்வேட்டில் அந்த இலைக்கு ஒரு வரி எழுதினேன்: மறுசோதனைக்குச் செடி கிடைக்காததால் உறுதி செய்ய இயலவில்லை.

அடுத்த மாதம் ஆண்டி போன் செய்தார். "செடி கெடைக்கலமா. பரவால்ல, நீ சும்மா வா."

வருகிறேன் என்றேன். வேலை இருப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படிப்பு முடிந்து கிளம்பும்வரை போகவில்லை.