குழி மூடியவனுக்குப் பரிவட்டம் இல்லை

சித்திரை 19, வியாழக்கிழமை, மாலை ஆறு மணி பத்து நிமிடம். காற்று அடியோடு நின்றுபோய், பனியன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தெரு முருகன் கோயில் விழாக்குழுச் செயலாளர் வீட்டுக்கு வந்து, இந்த வருடப் பரிவட்டம் எனக்கு இல்லை என்றார்.

திருவிழாவின் கடைசி நாளில், தெருவில் வயதில் மூத்தவர் தலையில் பட்டுத்துணி கட்டி, சாமிக்கு முன்னால் நடக்கவிடுவது எங்கள் வழக்கம். ஒருவருக்கு ஒருமுறைதான். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஒன்பது வருடத்துக்கு முன்பு எண்ணிப் பார்த்தேன்: எனக்கு மூத்தவர்கள் பதினோரு பேர் பாக்கி. அவர்களில் எட்டுப் பேர் கட்டிக்கொண்டார்கள், மூன்று பேர் கட்டாமலே போய்ச் சேர்ந்தார்கள். துக்க வீட்டிலிருந்து திரும்பும்போது நான் விரல் மடக்கியது உண்மைதான். இந்த வருடம் என் முறை.

"கோச்சிக்காதீங்க மாமா," என்றார் செயலாளர். "தறி இருக்கிற வூட்டுக்குத்தான் பரிவட்டம்னு விழா நோட்டுல எழுதி இருக்குது. நீங்கதான் குழியை மூடிட்டீங்களே."

மூடினேன். எங்கள் ஊர்ப் பட்டுத்தறிக்குத் தரையில் குழி வேண்டும். நெய்கிறவர் அதற்குள் காலைத் தொங்கவிட்டு உட்காருவார். அப்பா காலத்துத் தறியை விற்றபின் அந்தக் குழியில் மணல் கொட்டி, டைல்ஸ் பதித்து, மேலே வாஷிங் மெஷினை நிறுத்தினேன். நல்ல மெஷின். என் பரிவட்டத்தையும் சேர்த்துப் பிழிந்துவிடும் என்று அப்போது தெரியாது.

"மறுபடி தோண்டிட்டா?" என்றேன்.

"தோண்டினா நெய்வீங்களா மாமா?"

பரிவட்டம் எதிர்வீட்டுக்காரருக்குப் போனது. என்னைவிட இரண்டு வயது நான்கு மாதம் இளையவர்.

அன்றிலிருந்து நான் வீட்டில் பேசவில்லை. மனைவி அதை இரண்டாம் நாள்தான் கவனித்தாள். "அதான் டிவி சத்தம் நல்லா கேக்குதேன்னு பாத்தேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாமி புறப்பட்டது. பார்க்கக்கூடாது என்று தெருக்கோடிப் புங்கமரத்தடிக்குப் போனேன். தென்னேரியிலிருந்து ஒருவர் மொபெட்டில் நுங்கு கொண்டுவந்திருந்தார், சுளை பத்து ரூபாய். கோபத்தில் ஒன்று தின்றேன். தோல் வழுக்கி, உள்ளிருந்த நீர் சில்லென்று மூக்கில் பீய்ச்சியடித்தது. இரண்டாவதையும் கோபத்தில்தான் தின்றேன். மூன்றாவதைத் தின்றபோது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மேளம் நெருங்கியது. முன்னால் எதிர்வீட்டுக்காரர் வந்தார். தலையில் பட்டு, கழுத்தில் இரண்டு கிலோ மாலை, காலில் செருப்பு இல்லை. கொதிக்கிற தார் ரோட்டில் கோழிபோல் காலை மாற்றி மாற்றி வைத்தார். வீட்டுக்கு வீடு ஆரத்திக்கு நிற்க வேண்டும். மொத்தம் நாற்பத்தாறு வீடு, முடிந்தது பத்தொன்பது. சாமி கோயில் திரும்பும்வரை அவர் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது.

என் கையைப் பார்த்தார். "இளசாண்ணே?" என்றார், உதடு அசையாமல்.

"வழுக்கிக்கினு போவுது. உனக்கு இன்னும் இருபத்தேழு வூடு இருக்குது, நட."

"நீ நல்லா இருப்பண்ணே. எனக்கு ரெண்டு எடுத்து வை."

கூட்டத்தோடு வந்த மனைவி என் பக்கத்தில் நின்றாள். "இதுக்கா மூணு நாளா மூஞ்சிய தூக்கி வெச்சிக்கினு இருந்தீங்க? உங்க முட்டிக்கு பத்தாவது வூட்லயே படுத்திருப்பீங்க."

அவள் கணக்கு தப்பு. ஏழாவது வீட்டிலேயே படுத்திருப்பேன். ஒன்பது வருடம் ஆட்களை எண்ணிய நான் அந்த ரோட்டை ஒருமுறைகூடக் கணக்கில் சேர்க்கவில்லை.

வருத்தம் தீர்ந்துவிட்டது என்று புளுக மாட்டேன். அந்தப் பட்டு அவரைவிட என் தலைக்குத்தான் பொருத்தம். அவருக்குத் தலை சிறியது. ஆனாலும் நிழலில் உட்கார்ந்து இன்னும் ஆறு தின்றேன். வேண்டாம் வேண்டாம் என்று மனைவி நான்கு தின்றாள். எதிர்வீட்டுக்காரர் கேட்டது இரண்டு. கால் கொப்பளித்து வருகிறவருக்கு இரண்டு எந்த மூலைக்கு? ஆறு கட்டச் சொன்னேன். பத்தொன்பது சுளை, நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.