வெள்ளிக்கிழமை மாற்றிய தண்ணீர்

பிரிக்பீல்ட்ஸில் நான் வழக்கமாகத் தேநீர் குடிக்கும் கடையின் இரும்புக் கதவுக்கு நேற்று சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். தின்னர் வாசனை. உங்களுக்கு அது சாய வாசனை. எனக்குக் கிணற்று வாசனை. பாதித் தேநீரோடு எழுந்து வந்துவிட்டேன்.

அந்தக் கிணறு சுங்கை வே பக்கம், ஒரு தொழிற்சாலை மதிலை ஒட்டிய கம்பத்தில், சின்னக் குடியிருப்பில், இருந்தது. பதினோரு குடும்பங்கள் அதில்தான் குடித்தன, குளித்தன, குழந்தைக்குப் பால் கரைத்தன. அங்கே குடியிருந்த சரோஜா அக்காவின் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கழிவு கிணற்றில் இறங்குகிறது என்று எல்லோரும் சேர்ந்து தொழிற்சாலை மேல் வழக்குப் போட்டார்கள்.

நான் அப்போது அந்தத் தேநீர்க் கடை இருக்கும் தெருவிலேயே, மாடியில் இருந்த லாயர் ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா. பெரிதாக நினைத்துவிடாதீர்கள், லாயருக்கு நாசி லெமாக் சோறு வாங்கி வருவதும் என் இலாகாதான். மிளகாய் சம்பல் குறைந்தால் திட்டு விழும்.

வழக்கு எங்கள் லாயரிடம்தான் வந்தது; கிணற்றுத் தண்ணீரை இரண்டு போத்தல் பிடித்து வரச் சொன்னார். ஒன்று சோதனைக்கூடத்துக்கு. மற்றதை, பின்னால் சந்தேகம் வந்தால் திறந்து பார்க்க, யாரும் திறக்காதபடி நாடா ஒட்டி ஆபீசிலேயே வைக்க வேண்டும். நாடாவை நான் மேசையிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தேன். போதாக்குறைக்கு மழை வேறு. இரண்டாவது போத்தலைச் சரோஜா அக்காவிடமே நீட்டினேன்.

"அக்கா, இது ஒன்ன பத்திரமா வைங்க. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கிறேன்."

என் 'அடுத்த வாரம்' எப்படிப்பட்டது என்று என் மனைவியைக் கேளுங்கள். எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் கம்பத்துக்குப் பைப் வந்தது; கிணற்றை மண் போட்டு மூடிவிட்டார்கள்.

முதல் போத்தலில் விஷம் என்று அறிக்கை வந்தது. 'நீங்களே கலந்திருப்பீர்கள்' என்றது எதிர்த்தரப்பு. இரண்டாவதைச் சோதிக்கச் சொன்னது நீதிமன்றம். அக்கா வீட்டுக்கு ஓடினேன். சாமி மேடையில், செம்புக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டு வைத்து இருந்தது போத்தல். எவ்வளவு பொறுப்பு என்று மெச்சிக்கொண்டே எடுத்து வந்தேன்.

சோதித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது சுத்தமான பைப் தண்ணீர்.

லாயர் அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை செம்புத் தண்ணி மாத்துவேன் சார். இதையும் சேர்த்து மாத்தினேன். சாமி முன்னால பழைய தண்ணி வைக்கலாமா?"

"கேஸே போச்சு லா!" என்று மேசையைத் தட்டிய லாயர் என் பக்கம் திரும்பினார். "தொடக்கூடாதுன்னு நீ சொல்லலையா?"

"சொன்னேன் சார்" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான்.

"தம்பி சொல்லியிருப்பாரு சார். நான்தான் மறந்திருப்பேன்."

என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் என்றும் நின்றதில்லை.

வழக்கு தோற்றது. அவர் கணவர் தீர்ப்புக்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. கம்பம் இருந்த இடத்தில் இப்போது லோரிகள் நிற்கின்றன. கிணறு எந்த லோரிக்கு அடியில் என்று எனக்கே தெரியவில்லை. லாயர் ஆபீஸ் மசாஜ் கடையாகிவிட்டது.

அக்கா சுங்கை பூலோவில் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். போன மாதம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றே போனேன். வெள்ளிக்கிழமை. சாமி மேடையில் விளக்கு எரிந்தது, பூ இருந்தது. செம்பைக் காணோம். நான் பார்ப்பதை அவர் கவனித்துவிட்டார்.

"தண்ணி வைக்கிறத விட்டுட்டேன் தம்பி. என் கைக்கு அது ஆகாது."

காப்பி கொடுத்தார். குடித்தேன். சொல்லவில்லை.