பதினான்காம் நம்பரின் கோடு

ரிவால்வரைத் திறந்து, உள்ளே காலிதானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் அக்கா. எதிரே நிற்கும் காவலருக்கு அப்போதே வியர்த்துவிடுகிறது.

“வெடுக்குன்னு உதறி மூடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? செவிடன் காதுல ஊதின சங்கா போச்சே என் பேச்சு!”

காவல் நிலையத்து ஆயுத அறைக்கு அக்காதான் பொறுப்பு. மொத்தம் இருபது ரிவால்வர்கள். காலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார். மாலையில் திரும்ப வாங்கும்போது அர்ச்சனை நடக்கும்.

ஆறு குண்டுகள் உட்காரும் உருளையைச் சுற்றிச் சின்னப் பள்ளங்கள் இருக்கும். கீழிருந்து ஒரு முள் எட்டிப் பார்க்கும். பள்ளத்தை முள்ளுக்கு நேரே வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி மூட வேண்டும். சினிமா நாயகன் மாதிரி உதறி மூடிச் சுழற்றினால், முள் உருளையின் கறுப்புப் பூச்சைச் சுரண்டிக்கொண்டே போய் நாளடைவில் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்துவிடும். அதனால் துப்பாக்கி சுடாமல் போய்விடாது. அக்காவுக்குத்தான் சோறு இறங்காது.

வீட்டிலும் இதே கூத்துதான். ஃப்ரிட்ஜ் கதவு, டிபன் பாக்ஸ், அலமாரி எதையும் யாரும் அறைந்து மூடிவிட முடியாது. “நான் வாய மூடினாக்கூட மெதுவா மூடுங்கன்னுவா” என்பார் கணவர். நிலையத்தில் முதுகுக்குப் பின்னால் அக்காவுக்குக் கோடக்கா என்று பெயர். “கோடு போட்டது அவனுங்க, பேரு மட்டும் எனக்கா?” என்று அதற்கும் ஒரு பாட்டம் பொரிந்து தள்ளுவார்.

இந்த மாதம் ஏழாம் நம்பர் ரிவால்வரில் கோடு தடித்துவிட்டது. அதை வைத்திருப்பவர் புதிதாக வந்த இளம் அதிகாரி. வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வந்த வாரத்தில் உதறி மூடி அக்காவிடம் கையும் களவுமாகப் பிடிபட்டவர். “சுடுதான்னு பாருங்கக்கா, கோட்டப் பாத்து என்ன பண்ணப்போறீங்க?” என்று சிரித்தும் வைத்தார். அக்கா புகார் எழுதிவிட்டார். நிரூபணமானால் அந்த இளம் அதிகாரியின் வேலைக்கே உலை. இன்று மூன்று மணிக்குப் பெரிய அதிகாரி முன் விசாரணை.

காலையில் வந்து நின்றார், சிரிப்பெல்லாம் போய்.

“நீங்க திட்டினப்புறம் சத்தியமா ஒரு தடவகூட உதறலக்கா. கோடு எப்படித் தடிக்குதுன்னே தெரியல.”

“ஓஹோ, துப்பாக்கி தானே எழுந்து கோடு போட்டுக்குதாக்கும்! போங்க, போயி பெரியவர் கிட்ட சொல்லுங்க.”

ஒழுங்காகப் பேணிய துப்பாக்கி எப்படி இருக்கும் என்று விசாரணையில் காட்ட, அலமாரியிலிருந்து பதினான்காம் நம்பரை எடுத்தார் அக்கா. அதற்குரிய அதிகாரி மாற்றலாகிப் போனதிலிருந்து மூன்று வருடமாக அது வெளியே போனதில்லை. அக்கா மட்டும் தினமும் எடுத்துத் துடைத்து, திறந்து மூடி வைப்பார். அறைச் சாவியும் அவரிடம் மட்டுமே.

வெளிச்சத்தில் பிடித்தார். கோடு. ஏழாம் நம்பரைவிட ஆழமாக.

எரிச்சலோடு மூடினார். மெதுவாகத்தான் மூடினார். ஆனால் பள்ளம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் சொல்பவர், இருபதையும் முடிக்கும் அவசரத்தில் என்றைக்கும் பார்த்ததில்லை. வழக்கம்போல ஆள்காட்டி விரல் தானாகப் போய் உருளையை நகர்த்தியது, ‘டக்’ என்று முள் உட்காரும்வரை. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் காலையிலும் மாலையிலும் அவர் செய்யும் சரிபார்ப்பு அது. உதறினால் சுரண்டுகிற முள், தடவினால் மட்டும் கொஞ்சுமா?

“கெட்டுது போ!” என்றார் வாய்விட்டு. தன் மேல் கோபம், அந்தப் பையன் சொன்னது உண்மையாகப் போனதில் அதைவிடக் கோபம். பதினான்கைத் திரும்ப உள்ளே வைத்துப் பூட்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பூட்டவும் கை போனது. ஆனாலும் வயிற்றெரிச்சலோடு அதை எடுத்துக்கொண்டு விசாரணைக்கு நடந்தார்.

பெரிய அதிகாரியின் மேசையில் இரண்டு ரிவால்வர்களும் இருந்தன. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இளம் அதிகாரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“மூணு வருஷமா வெளிய போகாத துப்பாக்கிங்கறீங்க. அப்ப இந்தக் கோட்ட யாரு போட்டது?”

அக்கா தன் எண்ணெய்க் கறை படிந்த ஆள்காட்டி விரலை, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, மேலே உயர்த்தினார்.