பூஜையில் வைத்த சரித்திரக் கொப்பி

கேகாலையில் டியூஷன் நடத்தும் சேர் ஒருவர், தோட்டப் பிள்ளை ஒருத்திக்குக் காசில்லாமல் படிப்பிக்கிறேன் என்றார். அதற்கு ஒரு சோதனை. கேள்வியையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: அமெரிக்க உள்நாட்டுப் போரின் நான்கு திருப்பங்கள். என் மகளின் பள்ளிக்கூடத்தில் சரித்திரத்துக்கு ஆள் இல்லை. அவளுக்கு இது ஒன்றுதான் வழி.

வரக்காப்பொலையில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள் அந்த சேரிடம் படிக்கிறாள். அவள் சேரின் பாடங்களை எழுதிவைத்த தன் கொப்பியை இரண்டு நாளைக்கு இரவல் தந்தாள். எங்களிடம் இருப்பது பட்டன் போன், படம் பிடிக்க முடியாது. மகள் பார்த்து எழுதி, எழுதியதைச் சத்தமாகப் படிப்பாள். நான் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன்.

அடிமை வைத்திருந்த தெற்கு மாநிலங்கள் நாட்டை விட்டுப் பிரிந்தனவாம். வடக்கு விடவில்லை. முதல் திருப்பம், அன்டீட்டம் என்ற ஓடையோரம் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் சாக, தெற்குப் படை பின்வாங்கியது. அதற்குப் பிறகுதான் ஜனாதிபதி, பிரிந்துபோன மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று அறிவித்தார்.

"தோட்டத்துல பருத்தி பறிச்சிக்கிட்டு இருந்தவங்களுக்கு அத யாரும்மா போய்ச் சொன்னது?"

"நெறைய பேருக்கு விடுதல ஒடனே கெடைக்கலப்பா. வடக்குப் படை போகப் போகத்தான் கெடச்சிச்சாம்."

காத்திருந்தவர்களை நினைத்து மனசு கனத்தது.

இரண்டாவது கெட்டிஸ்பர்க். வடக்கே ஏறி வந்த தெற்குப் படை மூன்று நாள் சண்டை போட்டுத் தோற்றுத் திரும்பியது.

"ஊரான் சண்டைக்கு நம்ம வீட்டுச் சோறு ஆறுது," என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. அன்றைக்கு அதோடு நின்றது.

மறுநாள் சரஸ்வதி பூஜை. மகள் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். பால் வெட்டும் கத்தியைக் கழுவிப் பொட்டு வைத்தேன். புத்தகங்களை அடுக்கினேன். இரவல் கொப்பியையும் நான்தான் வைத்தேன். சரஸ்வதி அம்மாள் கண் அதன்மேல் படட்டும் என்றுதான் வைத்தேன். பூஜைக்கு வைத்ததை மறுநாள் பூஜை முடித்துத்தான் எடுக்க வேண்டும்.

மகள் வந்து பார்த்துத் திகைத்துப் போனாள்.

"அப்பா, அந்த ஒண்ண மட்டும் எடுத்துத் தாங்கப்பா. இன்னும் ரெண்டு எழுத இருக்கு. நாளைக்கி சோதனை."

"சாமிக்கு வச்சத எடுக்கக் கூடாதும்மா. வெள்ளனவே பூச பண்ணித் தாறேன். பஸ்ஸுல படிச்சிக்கிட்டே போ."

அவள் தண்ணீர்க் குடத்தை அடுப்படிக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

பின்னேரம் கொப்பி தந்த பிள்ளையின் வாப்பா, துணிக்கடைக்காரரே, மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார்.

"கொப்பிய மகள் தேடுறா தம்பி. உங்க புள்ள எழுதி முடிச்சிட்டாளா?"

அவ்வளவு தூரம் வந்த மனுஷரிடம், நாளைக்கு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது?

"முடிச்சிட்டா அண்ணே."

வாயிலிருந்து வந்துவிட்டது. விளக்கின் பக்கத்திலிருந்து கொப்பியை எடுத்தேன். அட்டையில் சந்தனம் பட்டிருந்தது. துண்டால் துடைத்துக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு மகள் கேட்டாள்: "வேற ஆளுக்குன்னா எடுக்கலாமாப்பா?"

அன்று நான் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் இருந்து என்ன ஆகப்போகிறது?

சோதனையில் இரண்டைத்தான் அவளால் எழுத முடிந்தது. மற்ற இரண்டுக்கும் தலைப்பு மட்டும் நினைவிருந்ததாம், விக்ஸ்பர்க், அட்லாண்டா. காசில்லாமல் படிக்கும் இடம் வேறொரு தோட்டத்துப் பிள்ளைக்குப் போனது. அதுவும் நம்ம பிள்ளைதான், நன்றாயிருக்கட்டும்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன்: "பிறகு அந்தச் சண்ட என்னம்மா ஆச்சு?"

"வடக்கு ஜெயிச்சிச்சு. அடிம மொறையும் போயிருச்சு. எப்படித் திரும்புச்சுன்னுதான் தெரியாதுப்பா."

இந்த வருஷமும் பூஜை வந்தது. கத்தியை மட்டும் வைத்தேன், புத்தகங்களைத் தொடவில்லை. மகளே தன் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எல்லாத்தையும் வைக்கவாப்பா?"

போன வருஷம் அந்தக் கொப்பியை வைத்ததும் நான்தான், எடுத்துக் கொடுத்ததும் நான்தான். அவள் புத்தகங்களோடு நின்றாள். நான் திரியைத் தூண்டிக்கொண்டே இருந்தேன்.