பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

உப்புக் காற்றில் கணினியைக் காப்பதும் எறும்புப் புற்றருகே வெல்லத்தைக் காப்பதும் ஒரே தொழில்தான்.

மரக்காணத்தில் ஓர் உப்பளக்காரர் சங்கத்தில் எடை போடுகிறவனாக இருந்தேன். முழங்கால் மறுத்ததும், உட்கார்ந்த வேலை என்று என்னைக் கணினி அறைக்கு மாற்றினார்கள். எட்டாவதுவரை படித்தவன், நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம், ஆனால் சொன்னதை ஓர் எழுத்து பிசகாமல் அடிப்பேன். சுனாமி அலை அளங்களின் வரப்புகளைக் கரைத்துவிட்டுப் போனது. சங்கத்துக் காகிதங்களும் கூழாகிவிட்டன. யாருடைய அளம் எங்கே முடிகிறது என்ற அளவுகள், மேசைமேல் இருந்ததால் நனையாமல் தப்பிய கணினியில் மட்டுமே மிஞ்சின. அடுத்த மழை ஓய்ந்து, வரப்பு போட ஆள் பேசியிருந்த வாரத்தில் வந்தது வினை. கணினியைக் காத்துக் களைத்த அன்பர்களே, மற்றதை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

விழுந்த பல்

ஆரோவில் பக்கம் வேலை செய்யும் இன்ஜினியர் சரவணன்தான் எங்கள் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தவர். அலைக்குப் பிறகு பயந்துபோய் இரண்டு ஹார்ட் டிஸ்க் வைத்தார். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும், கண்ணாடி மாதிரி. காலையில் வந்ததும் ஒரு வரி அடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். இரண்டும் நலமென்றால் திரையில் ‘யு’ என்ற எழுத்து இரண்டு தெரியும். அன்று ஒரு ‘யு’வும் பக்கத்தில் ஒரு வெறும் கோடும் தெரிந்தன. பல் விழுந்த இடம் மாதிரி இருந்தது.

சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் செய்தித்தாளைக்கூட மடிக்கவில்லை. “ஒண்ணுதான் ஓடுதே? ஒரு கண்ணு போனவன் ரோட்டுல நடக்கறதில்லையா?”

நகல் போன இடம்

இதற்கு அஞ்சித்தான் அளவுகளை ஒரு சிடியில் நகல் எடுத்துப் பீரோவில் வைத்திருந்தோம். பீரோவில் இல்லை. தேடிக்கொண்டே வாசலுக்கு வந்தபோது, தலைவரின் சைக்கிள் பின்சக்கரத்துக்கு மேலே, நடுத்துளையில் ஆணி முடுக்கப்பட்டு அது பளபளத்தது. நான் கையை மட்டும் நீட்டிக் காட்டினேன்.

“பின்னால வர்ற லாரிக்காரனுக்கு நான் தெரிய வேணாமா?” என்றார் தலைவர்.

சந்தனக் காப்பு

தொலைபேசியில் சரவணன் சொன்னார்: “ஐயா, கெட்டது எதுன்னு உறுதியாத் தெரியாம கழட்டிடாதீங்க. நல்லதைக் கழட்டிட்டு கெட்டதை ஓட விட்டா அளவெல்லாம் போயிடும். ஒவ்வொண்ணு மேலயும் நம்பர் ஒட்டியிருக்கும், படிங்க.”

காற்றோட்டத்துக்காகக் கணினியின் பக்கத் தகடு கழற்றியே கிடக்கும். குனிந்து பார்த்தேன். நம்பர் இருந்த இடமெல்லாம் சந்தனம். அதன் நடுவில் குங்குமம். அலுவலகம் கூட்டும் அஞ்சலை ஆயுத பூஜையன்று எடைத் தராசு, சைக்கிள் பம்பு, மண்வெட்டி என்று எதையும் விடவில்லை. ஒரு வேலையைத் தொட்டால் அரைகுறையாக விடாதவள். இடுக்கில் விரல் விட்டு இரண்டு ஹார்ட் டிஸ்க்கையும் மெழுகியிருந்தாள். சந்தனம் காய்ந்து ஓடாகியிருந்தது.

விஷயத்தைச் சரவணனிடம் சொன்னேன். அவர் கேட்டார்: “ஐயா, எலுமிச்சம்பழம் ஏதும் உள்ள வைக்கலையே?”

புளி

கணினியை அணைத்துவிட்டு, நனைத்துத் துடைக்கப் பஞ்சு வாங்க மருந்துக் கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள், தன்னால்தான் இந்தத் தொல்லை என்று கேள்விப்பட்ட அஞ்சலை, மேலே இருந்த ஹார்ட் டிஸ்க்கைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டாள். சந்தனம் போயிற்று. நம்பர் அச்சிட்ட காகிதமும் போயிற்று. அது குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

கீழே இருந்ததை நானே பஞ்சால் துளித் துளியாக ஒற்றினேன். நம்பர் தெரிந்தது. நல்ல ஹார்ட் டிஸ்க்கின் நம்பரை, அணைப்பதற்கு முன்பே சரவணன் சொன்ன வரியை அடித்துத் திரையிலிருந்து எழுதி வைத்திருந்தேன். இரண்டும் ஒன்றே. ஆக, கெட்டது மின்னுகிறதுதான். நான் மூச்சு விட்டதைப் பார்த்து அஞ்சலை இடுப்பில் கை வைத்தாள். “கெட்டதாப் பாத்துத்தானே ஐயா தேய்ச்சேன்!”

சதவீதம்

பாண்டிச்சேரியிலிருந்து வாங்கி வந்த புதியதை மாட்டி, சரவணன் சொல்லச் சொல்ல அடித்தேன். பழையதிலிருந்து புதியதற்கு எழுத்து இறங்க ஆரம்பித்தது. திரையில் சதவீதம் ஊர்ந்தது. முடியும்வரை கரண்ட் போகக் கூடாது. அளத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் ஓடினால் பீஸ் போய்விடும்.

அடுத்தடுத்த அளங்களின் சொந்தக்காரர்கள் ஏழுமலையும் அந்தோணியும். நடு வரப்பு எங்கே என்று ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். கணினி சொன்னால் மறு பேச்சில்லை என்று ஊர் முன்னால் ஒத்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை ஒவ்வோர் அளமாகப் போய், “மோட்டாரு போட்டீங்கன்னா தொலைச்சுடுவேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். இருவரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு ஒரே பாக்கெட் முறுக்கைத் தின்றார்கள்.

பாதி தாண்டியதும் அந்தோணி பொறுமை இழந்தார். “ஏம்பா, எதிர நின்னா கண்ணாடியில மூஞ்சி உடனே தெரியுது. இதுக்கு மட்டும் ஏன் இத்தினி நேரம்?”

இரண்டடி

இரண்டு ‘யு’வும் வந்தன. அளவை எழுதிக்கொண்டு போய் நாடா பிடித்தோம். ஏழுமலை காலால் கோடு கிழித்து வைத்திருந்த இடத்துக்கு இரண்டடி உள்ளே வந்தது வரப்பு. இரண்டடியும் அந்தோணிக்கு. ஒத்துக்கொண்டபடி முதல் மண்ணை ஏழுமலையே வெட்டிப் போட்டார்.

சாயங்காலம் நான் கதவைப் பூட்டும் நேரம் தனியாக வந்தார். சுற்றிலும் பார்த்தார். மேசைமேல் மின்னிக்கொண்டிருந்த கெட்ட ஹார்ட் டிஸ்க்கைக் கையில் எடுத்து, குரலைத் தாழ்த்தினார்.

“பெரியவரே, இதுல எப்படி இருந்திச்சின்னு ஒரு தரம் பாத்துச் சொல்லுங்களேன்.”

கெட்ட ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்று பாண்டிச்சேரியில் கிடைக்கிறது. நல்ல ஹார்ட் டிஸ்க் சொல்வதை ஒருவர் மனசார ஏற்றுக்கொள்ள வைக்கும் உதிரிப்பாகம்தான் எந்தக் கடைக்கும் இன்னும் வந்து சேரவில்லை.