சொந்தம் இல்லை என்று சொன்ன பொய்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். மகள் பிறந்தபோது வார்டில் ஒரு நர்ஸம்மா, "அக்கா பொண்ணையே கட்டிக்கினு, புள்ள நோஞ்சானா பொறந்துச்சேன்னு அழுவுறாங்க" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எங்கள் பக்கம் அக்கா மகள் உரிமைப் பெண். அன்றிலிருந்து எந்த ஆஸ்பத்திரியில் "சொந்தமா?" என்று கேட்டாலும், "இல்லீங்க, அசல்" என்றுதான் சொன்னேன்.

மகள் வளரவே இல்லை. ஐந்து வயதில் மூன்று வயது உயரம். வெயிலில் போனால் மூக்கும் கன்னமும் சிவந்து தடிக்கும். அம்மன் வந்திருக்கிறாள் என்று வேப்பிலை கட்டினோம். சளியும் விடாது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சேலம் என்று போன இடமெல்லாம் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

மனைவி மறுபடி உண்டான இரண்டாம் மாதம், புதுச்சேரியில் மகளைப் பார்த்த ஒரு டாக்டரம்மாவும் "சொந்தமா?" என்றே கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மனைவி, "இவரு எங்கம்மா கூடப் பொறந்தவருங்க" என்று போட்டு உடைத்தாள்.

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். மகளின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும், ஃபைல் கட்டிய கயிற்றின் முறுக்கைப் பிரித்துக் காட்டினார்.

"செல்லு ரெண்டாவறதுக்கு முன்னாடி டிஎன்ஏ இப்படிப் பிரியணும். பிரிக்கிறதுக்கும் சிக்கெடுக்கிறதுக்கும் ஹெலிகேஸ்னு என்சைம்கள் இருக்கு. பாப்பாவுக்கு அதுல ஒண்ணு வேலை செய்யல. இழை அறுந்து கண்ட எடத்துல ஒட்டிக்குது. புத்துநோய் வர வாய்ப்பு ஜாஸ்தி, பாத்துக்கினே இருக்கணும். வெயில் ஆகாது. அவசியம் இல்லாம எக்ஸ்ரேயும் வேணாம், அதுவும் இழைய அறுக்கும்."

எக்ஸ்ரே என்றதும் பையிலிருந்த பழைய படங்களை எண்ணினேன். என் வீம்புக்கு எத்தனை எடுத்துவிட்டோம்!

"உங்க ரெண்டு பேர்கிட்டயும் அந்த ஜீன்ல ஒண்ணு பழுது, ஒண்ணு நல்லது. ரெண்டு பழுதும் சேர்ந்தாத்தான் நோய். வயித்துல இருக்கிறதுக்கும் பாத்துடலாம்."

நாலாம் மாதம் பனிக்குட நீர் எடுத்தார்கள். முடிவு வரும்வரை நானும் மனைவியும் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்போம். கல்வராயன் மலையில் குலசாமிக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டேன்.

டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. "நோய் இல்லீங்க. ஒரு பழுதுதான் இருக்கு, இன்னொண்ணு நல்லாருக்கு. அது போதும்."

நான் வாய்விட்டு அழுதேன். மனைவி சிரித்தாள். மகள் வெயிலுக்குப் போடும் தொப்பியோடு ஓடிவந்தாள்.

"இன்னாப்பா? அம்மா வயித்துல இருக்கிற பாப்பா வெயில்ல வெளாடலாமா?"

"வெளாடலாம், கண்ணு."

"அப்ப என் தொப்பிய அது கேக்காதுல்ல?" என்றாள். அவளுக்கும் அப்போதுதான் நிம்மதி.