ஏணியைப் பரணில் ஏற்றியவர்

அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பரணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் என்ன என்று திரும்பிப் பார்ப்பார். சம்பளச் சீட்டில் உள்ள பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூட "அப்படி யாரும் இங்க இல்லீங்களே" என்று கைவிரித்துவிடுவார்.

அந்த நிறுவனம் சின்னக் கணினிகளுக்கு இயங்குதளம் செய்து கொடுக்கிறது. மருத்துவமனை முன்மேசையில் நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்வார்களே, அந்த மாதிரி ஏழைக் கணினிகள். அவற்றுக்கு நினைவகம் கொஞ்சம், ஆசை மட்டும் ஏராளம். பத்து நிரல்களை ஒன்றாகத் திறந்துவிட்டு எல்லாவற்றுக்கும் இடம் கொடு என்று அடம்பிடிக்கும். இடத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் உள்ளே கெர்னல் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது நினைவகத்தை நாலு கிலோபைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்துக்கொண்டு, வெகுநேரமாக யாரும் தொடாத பக்கத்தைத் தூக்கி வட்டின், அதாவது டிஸ்க்கின், ஒரு மூலையில் போட்டுவிடும். அந்த மூலைக்கு ஸ்வாப் என்று பெயர்; அக்காவின் பாஷையில் பரண். யாராவது கேட்டால் மறுபடி இறக்கிக் கொடுக்கும். கேட்ட நிரலுக்கு அந்தப் பக்கம் பரணுக்குப் போய்வந்த சங்கதியே தெரியாது. எதை ஏற்றுவது, எதை இறக்குவது என்று தீர்மானிக்கும் பகுதியைப் பதினோரு வருடமாகக் கட்டிக் காத்து வருபவர் நம் அக்கா.

தொழில் வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆறு வாரம் யாரும் தொடாத சாமான் நேரே பரணுக்குப் போகும், அப்பீல் கிடையாது. கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய கேரம் பலகை, மழைக்கால செருப்பு, பாதி படித்த துப்பறியும் நாவல் எல்லாம் மேலேதான் வாசம்.

"ரெண்டு மாசம் காய்ச்சல்னு படுத்தேன்னு வை, என்னையும் தூக்கி மேல போட்டுடுவே" என்பார் அவர்.

"ஒரு நாளைக்குப் பத்து தடவை கூப்பிடறீங்களே, எப்படிங்க ஏத்தறது?"

சிக்கனம் அக்காவுக்கு ரத்தத்திலேயே ஊறியது. பல இடங்களில் கெர்னல் தன் சொந்தப் பக்கங்களைப் பரணில் ஏற்றாது. இங்கே ஏற்றும். ஏழைக் கணினிக்கு ஒவ்வொரு கிலோபைட்டும் முக்கியம் என்று அக்கா செய்துவைத்த ஏற்பாடு அது. ஆனால் சில பக்கங்களை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் நகர்த்தக் கூடாது. அவற்றுக்கு 'அசையாப் பட்டியல்' என்று ஒன்று உண்டு. புதிதாகச் சேர்பவர்களுக்கு அக்கா அதை இப்படிச் சொல்வார்: "எதை வேணாலும் பரண்ல ஏத்துங்க. ஏணியை மட்டும் ஏத்திடாதீங்க."

இரண்டு மாதத்துக்கு முன் தொல்லை ஆரம்பித்தது. மருத்துவமனைக் கணினிகள் திடீர் திடீரென்று உறைந்து போயின. சுட்டி நகராது, விசைப்பலகை வேலை செய்யாது, பதிவுக்கு வந்தவர்கள் வரிசையில் நின்று கத்துவார்கள். கணினியின் பதிவேட்டைப் புரட்டினால் ஒவ்வொரு தடவையும் உறைவதற்கு ஒரு நொடி முன்னால் வட்டு பதில் சொல்லத் தாமதித்திருந்தது. அது போதாதா? எல்லாப் பார்வையும் வட்டுப் பகுதியை எழுதுபவர் மேல் திரும்பியது. ஐம்பத்து நாலு வயது, ஒப்பந்த வேலை, இரைந்து பேசத் தெரியாத மனிதர். அவருக்குப் பரிந்து பேச ஒரு நாதியில்லை.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலில் விரலை நீட்டியது அக்காதான். "என் வேலை சுத்தம். வட்டைப் பாருங்க" என்று அடித்துச் சொன்னார். பதினோரு வருட அனுபவம் பேசினால் யார் மறுப்பார்கள்? வட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு தண்ணீர் குடித்தார். அவருடைய ஒப்பந்தம் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று அன்று மூன்று மணிக்குள் மேலாளர் முடிவு சொல்ல வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

அந்த வெள்ளிக்கிழமை காலை அக்கா சும்மா இருக்க முடியாமல், உறைந்த ஏழு கணினிகளின் தடயங்களையும் வாங்கி வரிசையாக அடுக்கினார். உறைவதற்கு முன் எந்தெந்தப் பக்கங்கள் பரணுக்குப் போயின என்று பார்த்தார். ஏழிலும் ஒரு பக்கம் பொது. அதைத் திறந்தார். வட்டு பதில் சொல்லாவிட்டால் மறுபடி கேட்கும் சின்னப் பகுதி அது. வாரத்துக்கு ஒரு தடவைகூட வேலை வராத பகுதி. அதனால் கெர்னல் அதைச் சமர்த்தாகப் பரணில் ஏற்றிவிட்டது. பிறகு வட்டு ஒரு நாள் தாமதித்தபோது மறுபடி கேட்க அந்தப் பகுதி வேண்டும். அதுவோ வட்டில் இருக்கிறது. வட்டிலிருந்து எடுக்க மறுபடி கேட்க வேண்டும். முடிந்தது கதை.

அசையாப் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய பக்கம். அதைப் பட்டியலிலிருந்து நீக்கியது யார்? திருத்த வரலாற்றைப் பிரித்தார். இரண்டரை மாதத்துக்கு முன், 'அரிதாகப் பயன்படுவது, நாலு கிலோபைட் மிச்சம்' என்ற குறிப்போடு, சம்பளச் சீட்டில் உள்ள அதே பெயர்.

அக்காவுக்குக் காது மடல் சுட்டது. ஊருக்கெல்லாம் ஏணிப் பாடம் நடத்திவிட்டுத் தானே ஏற்றி வைத்திருக்கிறார்! சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்தது. அந்த நிமிடம் முடிந்ததும் எழுந்து மேலாளர் அறைக்குப் போனார்.

"தப்பு என்னோடது சார். வட்டு மேல ஒரு குறையும் இல்ல."

மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "இதை வந்து சொல்றதுக்கு ஒரு மனசு வேணும் மேடம். அதுவும் யாராலயும் முடியாததை நீங்களே கண்டுபிடிச்சு."

அக்காவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. மறைப்பானேன்?

"அப்ப அவருக்கு ஒப்பந்தம்...?"

"அதான் யோசிக்கறேன். தப்பு உங்களோடதா இருக்கட்டும். ரெண்டு மாசமா அவரும் கண்டுபிடிக்கலையே! வட்டு அவர் பொறுப்புதானே? அப்புறம் அவர் எதுக்கு?"

அக்கா வெளியே வந்து நேராக வட்டுக்காரர் இடத்துக்குப் போனார். அவர் மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தார். அக்கா நின்றபடியே விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார்.

"அப்பாடா, பார்த்துட்டீங்களா?" என்றார் அவர், சந்தோஷமாக. "உங்களுக்கு எழுதியிருந்தேனே மேடம். பதில் வரலை. சரி, நான் சொன்னது தப்பு போலன்னு விட்டுட்டேன்."

அக்கா தன் இடத்துக்கு ஓடினார். அஞ்சல் பெட்டிக்கும் அவர் ஒரு விதி எழுதி வைத்திருந்தார்: யாருடைய கடிதத்தை ரொம்ப நாளாகத் திறக்கவில்லையோ, அவர் எழுதுவது தனிப்பெட்டிக்குப் போய்விடும். அங்கே கிடந்தது, ஒன்பது நாள் பழசாக. வரி எண் உட்பட எல்லாம் சரி. படித்து முடிப்பதற்குள் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுபடி மேலாளர் அறை.

"இன்னும் என்ன மேடம்?"

"கண்டுபிடிச்சது நான் இல்ல சார். அவர்தான். எனக்கு ஒன்பது நாள் முன்னாடி."

சற்று முன் தப்பை ஒப்புக்கொண்டதைவிட இதைச் சொல்லத்தான் நாக்கு புரள மறுத்தது. தப்பை ஒப்புக்கொண்டால் நல்ல பெயராவது மிஞ்சும். இதில் அதுவும் போகிறது.

"அப்ப ஏன் என்கிட்ட வந்து சொல்லலை அவர்? கூட்டத்துல ஊமை மாதிரி உக்காந்திருந்தாரே!"

அக்கா கடிதத்தின் கடைசி வரியைப் படித்துக் காட்டினார். "'நீங்கள் பதினோரு வருடமாகப் பார்த்துக்கொள்ளும் பகுதி. உங்களுக்குத் தெரியாமல் வேறு யாரிடமும் இதைச் சொல்வது முறையாக இருக்காது.'"

மேலாளர் ஒப்பந்த நீட்டிப்புத் தாளை முன்னால் இழுத்து வைத்தார். பேனாவைத் தேடினார்.

வட்டுக்காரர் இன்னும் இழுப்பறையோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அக்கா எதிரே வந்து நின்றார்.

"சார், இனிமே நான் பதில் போடலைன்னா நேரா வந்து, எல்லார் முன்னாடியும் என்னைத் திட்டணும்."

"ஐயோ, திட்டெல்லாம் எனக்கு வராதே மேடம்."

"பழகிக்குங்க. மூணு வருஷம் இருக்கு."